மணி யாருடையது?

“என் தாய் நாள்தோறும் எட்டு நம்முடைய வேலை செய்கிறார்.”

இப்படி ஒரு வாக்கியத்தை எந்த மொழியிலேனும் படித்ததுண்டா, தோழர்களே? நாம் படித்தோம். ஒரகடத்தை அடுத்து, ஏரிக்கரை ஓரமாக உள்ள சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியத் தொழில் பார்த்து வருகிறோம். ஏழாம் வகுப்பு மாணவர்க்கு, ‘என் தாய்’ என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுமாறு பணித்திருந்தோம். அன்று மாலை திருத்த எடுத்த குறிப்பேடுகளுள் ஒன்றிலேதான் அந்த வாக்கியம் இருந்தது.

சிறுவன் எழுத நினைத்தது ‘எட்டு மணி நேரம்’ என்பது. மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு எச், ஓ, யு, ஆர் என நான்கு எழுத்து. எழுதும்போது நான்கு, உச்சரிக்கும்போதோ, முன்னால் நிற்கும் எச்சை நாக்கு தொடுவதே இல்லை. ‘அவர்’ என்றே ஒலிக்கிறது. காதில் விழுந்ததை அப்படியே எழுதினான் பையன்; எச்சை விட்டான். மிஞ்சிய மூன்று எழுத்தும் சேர்ந்தால் அதுவும் ‘அவர்’தான். ஆனால், அந்த ‘அவ’ருக்குப் பொருள் ‘நம்முடைய’!

சிவப்பு மையால் எச்சைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தோம். பையன் விடவில்லை. “சொல்லும்போது இல்லாத எழுத்து, எழுதும்போது மட்டும் எதுக்கு சார்?” என்று கேட்டான். “அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்” என்றோம்.

சொல்லி முடித்தபின் நெஞ்சு சுட்டது. ‘அது அப்படித்தான்’ - இது எவருடைய விடை? தாலி ஏன், தட்சணை ஏன், இராகு காலம் ஏன் என்று கேட்டோரிடம், காலங்காலமாகப் பஞ்சாங்கக்காரர் தந்துவந்த விடையல்லவா? ஏன், எதற்கு, எப்படி என்று கேள் என மேடைதோறும் முழங்கிவிட்டு, வகுப்பறையில் ஒரு சிறுவனின் ‘ஏன்’ எதிரே வந்து நின்றதும் பழைய விடைக்குள் ஒளிந்துகொள்ளலாமா? அவனுக்கு நாம் பட்ட கடன் அது. அதைத் தீர்க்கப் புறப்பட்டோம். போன வழி, எச் என்னும் ஓர் எழுத்தோடு நிற்கவில்லை. ஏதென்சு நகரிலிருந்து ஒரகடம் வரையில் நம்மை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஓசை இழந்த எழுத்து

கிரேக்க மொழியில் ‘ஹோரா’ என்றொரு சொல் உண்டு. ஆதியில் அதற்குப் பருவம் என்பதே பொருள். வேனில், கூதிர் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பருவம். அப்பருவங்களையே பெண் தெய்வங்களாக்கியும் வணங்கினர் கிரேக்கர். ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இந்த ‘ஹோரா’வும் ஒரே தொல்வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. ஆண்டு, பருவம் என்று நீண்டு கிடந்த சொல், காலப்போக்கில் சுருங்கிச் சுருங்கி, பகலின் பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கலாயிற்று. பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் கூறிடும் வழக்கத்தை உலகுக்குத் தந்தவர் எகிப்தியர். அறுபது அறுபதாக எண்ணும் கணக்கைத் தந்தவர் பாபிலோனியர். இருபத்து நான்கு மணியும், அறுபது நிமிடமும், அறுபது நொடியும் வானிலிருந்து வந்தவை அல்ல; மனிதர் போட்ட கணக்கு.

கிரேக்கரிடமிருந்து ரோமர் அச்சொல்லைக் கடன் வாங்கினர். புலவர் எச்சை ஒலித்தனர். சந்தையில் நின்ற சாமானியர் விழுங்கினர். மொழியில் எப்போதும் வெல்வது சந்தையே! இலத்தீனின் மக்களாகிய மொழிகளைப் பாருங்கள். இத்தாலியர் எச்சை ஒலிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. ‘ஓரா’ என்று நேர்மையாக எழுதிவிடுகின்றனர். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் எழுதுகின்றனர், ஒலிப்பதில்லை. செருமானியரோ அதே சொல்லை ‘ஊர்’ என்றாக்கிக் கடிகாரத்துக்கே பெயராக வைத்துவிட்டனர்.

ஆங்கிலேயரின் கதை இதனினும் சுவையானது. அவர்களுக்குச் சொந்தமாகவே காலச் சொற்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றுதான் இன்று கடல் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் ‘டைட்’ என்பது. அன்று அதற்கு நேரம், வேளை என்பன பொருள். 1066ஆம் ஆண்டில் நார்மாண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரண்மனையில் பிரெஞ்சு, வழக்குமன்றத்தில் பிரெஞ்சு, மாதா கோவிலில் இலத்தீன் என்றாயிற்று. வென்றவன் நிலத்தை மட்டும் பறிப்பதில்லை, நேரத்துக்கும் தன் பெயரைச் சூட்டுகிறான்! பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது அந்தப் பிரெஞ்சுச் சொல். புகுந்தபோது பலபடியாக எழுதினர். எச் இல்லாமலும் எழுதினர். பின்னர்தான், ‘இதன் மூலம் இலத்தீன் அன்றோ, அங்கே எச் உண்டன்றோ’ என்று கற்றோர் அந்த எழுத்தை நிலையாகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினர். செத்துப்போன ஓசைக்கு ஆண்டுதோறும் திவசம் கொடுப்பதைப் போல, அவ்வெழுத்தை இன்றும் எழுதி வருகின்றனர் உலகெங்கும் உள்ள பள்ளிப் பிள்ளைகள்!

ஆகவே, நம் மாணவன் செய்தது குற்றமா? எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பிறந்திருந்தால், அவன் எழுதியதைக் கண்டு எவரும் சிவப்பு மையைத் தேடியிருக்க மாட்டார்கள். எழுத்து மனிதர் செய்தது; இடையூறு தருமானால் மனிதர் மாற்றலாம். தமிழிலே 1935இல் ‘குடி அரசு’ ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை அச்சிலேயே செய்து காட்டினார் பெரியார். நகைத்தோர் நகைத்தனர். 1978இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது. இன்று அந்தச் சீர்திருத்த எழுத்திலேதான் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

வடக்கே போய் வந்த சொல்

இத்துடன் கடன் தீர்ந்தது என்று எண்ணியிருந்தோம். அப்போதுதான் சுவரிலே தொங்கிய நாட்காட்டி கண்ணில் பட்டது. நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை என்ற வரிசையின் கீழே ‘ஓரை’ என்று ஒரு தலைப்பு. சுக்கிர ஓரை, புதன் ஓரை, சனி ஓரை என்று ஒரு பட்டியல்!

ஓரை - ஹோரா! ஆம், தோழர்களே, அதே சொல்தான்! மேற்கே போன ‘ஹோரா’ ரோமாபுரி வழியாக, பாரிசு வழியாக, இலண்டன் வழியாகக் கப்பலேறி, ஆங்கிலப் பாடநூலில் ‘அவர்’ என்று நம் பள்ளிக்குள் நுழைந்தது. கிழக்கே வந்த ‘ஹோரா’வோ, யவனரின் சோதிடத்தோடு வடமொழிக்குள் புகுந்து, பஞ்சாங்கத்தின் வழியாக ‘ஓரை’ என்று நம் வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவன் கால்சட்டை போட்டு வந்தான், ஒருவன் பஞ்சகச்சம் கட்டி வந்தான்!

இது நாம் கட்டிய கதையன்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், வடமொழிச் சோதிட நூலாருள் தலையாயவர். இரவும் பகலும் சேர்ந்ததை உணர்த்தும் ‘அகோராத்திர’ என்னும் வடசொல்லில் முதலெழுத்தையும் கடையெழுத்தையும் களைந்தால் ‘ஹோரா’ வரும் எனச் சிலர் கூறுவதாக அவர் குறித்துள்ளார். தலையை வெட்டி, வாலை வெட்டி, நடுவே எஞ்சியதை நம்முடைய பிள்ளை என்கின்றனர்! ஆயினும் அதே வராகமிகிரர் வேறோர் உண்மையையும் மறைக்கவில்லை. யவனர் மிலேச்சரே ஆயினும் இந்தக் கலை அவர்களிடம் நன்கு நிலைபெற்றுள்ளது, அதனால் அவர்களும் முனிவர்போல் மதிக்கப்படுகின்றனர் என்று அவரே ஒப்புக்கொண்டார். கடல் கடந்தால் தீட்டு என்றவர்கள், கடல் கடந்து வந்த சோதிடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டனர்!

தமிழில் ‘ஓரை’ என்றொரு சொல் அதற்கு முன்பே உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நற்றிணையும் குறுந்தொகையும் காட்டும் ஓரை, இளம்பெண்கள் தோழியரோடு கூடி ஆடும் விளையாட்டு. அங்கே சனியும் இல்லை, செவ்வாயும் இல்லை. தொல்காப்பியக் களவியலில் வரும் ஓரையோ நல்ல நேரத்தைக் குறிப்பதாக உரையாசிரியர் கொண்டனர். அது கிரேக்கச் சொல்லே என்று கொண்டு, நூலின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளினார் வையாபுரிப் பிள்ளை. அன்று, அது தூய தமிழே என்று வாதிட்டோரும் உளர். புலவர் வழக்கு நடக்கட்டும். நாம் கண்டு வருந்துவது ஒன்று: மணலில் ஆடிய பெண்களின் விளையாட்டுக்குப் பெயராக இருந்த சொல், அதே பெண்களின் திருமணத்தைத் தள்ளிப்போடும் சொல்லாக ஆகிவிட்டதே, அந்த வீழ்ச்சி!

இனி, ஓரைக் கணக்கைத்தான் பார்ப்போம். கணக்கு என்றால் நமக்கு அச்சம் இல்லையே! வானில் மெதுவாக நகர்வதிலிருந்து விரைவாக நகர்வது வரை பழங்காலத்தார் ஏழு கோள்களை வரிசைப்படுத்தினர்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோள் தலைவன். ஏழும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. நாளின் முதல் மணிக்கு யார் தலைவனோ, அவன் பெயரே நாளுக்கும் பெயர். ஞாயிற்றுக்கிழமையின் முதல் மணி ஞாயிற்றுக்கு. அங்கிருந்து இருபத்து நான்கு மணியை வரிசைப்படி எண்ணிக் கடந்தால், மறுநாள் முதல் மணி திங்களுக்கு வரும். மேலும் இருபத்து நான்கு கடந்தால் செவ்வாய்; பின் புதன், வியாழன், வெள்ளி, சனி. பென்சிலும் தாளும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். இருபத்து நான்கை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. வரிசையில் மும்மூன்றாகத் தாண்டினால் கிழமைகள் கிடைக்கும். கிழமையின் மறைபொருள் இவ்வளவுதான் - மீதி மூன்று! இந்த மூன்றுக்குத்தான் பரிகாரம், இந்த மூன்றுக்குத்தான் தட்சணை!

அந்த வரிசையாவது மெய்யா? பூமி நடுவே நிற்கிறது, ஞாயிறு உட்பட ஏழும் அதைச் சுற்றுகின்றன என்ற நம்பிக்கையில் கட்டிய வரிசை அது. 1543இல் கோப்பர்நிக்கசின் நூல் அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை ஆட்டியது. 1781இல் யுரேனசும், 1846இல் நெப்டியூனும் கண்டறியப்பட்டன. யுரேனசு ஓரை எங்கே? நெப்டியூன் ஓரை எங்கே? வானம் விரிந்தது, பஞ்சாங்கம் விரியவில்லை.

நம்மிடம் இருந்த அளவை

அப்படியாயின், மேனாட்டு மணி வருமுன் தமிழருக்கு நேரம் தெரியாதா? தெரியும். நாள் ஒன்றுக்கு நாழிகை அறுபது. ஒரு நாழிகை இன்றைய கணக்கில் இருபத்து நான்கு நிமிடம். இரண்டரை நாழிகை சேர்ந்தால் ஒரு மணி. பத்து நாழிகை ஒரு சிறுபொழுது. ஆறு சிறுபொழுது ஒரு நாள். முல்லைப்பாட்டிலே, பாசறையில் இருக்கும் மன்னனுக்கு நீர் சொட்டும் கன்னலைப் பார்த்துப் பொழுது உரைக்கும் மாந்தரைக் காண்கிறோம். அவர்கள் பார்த்தது நீரின் அளவை. நெற்றியின் எழுத்தை அன்று!

‘மணி’ என்ற சொல்லையும் நோக்குங்கள். கழுத்தில் அணிவது மணி. கதிரில் முற்றுவது நெல்மணி. கண்ணின் நடுவில் இருப்பது கண்மணி. அடித்தால் ஒலிப்பதும் மணி. வெண்கல மணியை அடித்து நேரம் அறிவித்ததால் நேரமே மணியாயிற்று. கடிகாரத்தைக் குறிக்கும் ‘கிளாக்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமும் மணி என்று பொருள்படும் இடைக்கால இலத்தீன் சொல்லே. கடல் பிரித்த இரு மக்கள் ஒரே வழியில் எண்ணியிருக்கின்றனர். ஆனால், அடிக்கும் மணி பிறர்க்கு அறிவிக்க அடிப்பது. அதைக் கேட்டு எழுபவர் ஒருவர். அடிக்கச் சொல்பவர் ஒருவர். அடிக்கச் சொல்பவர் யார் என்பதே வரலாற்றின் வினா.

விலைக்கு வந்த மணி

முன்னாளில் மணிகள் ஒரே நீளமாக இருந்ததில்லை. கோடையில் பகல் நீண்டால் பகல் மணியும் நீளும்; குளிரில் சுருங்கும். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் கோபுரங்களில் பொறிக் கடிகாரங்கள் ஏறியபின்தான், எல்லா மணியும் ஒரே அளவு என்பது மக்கள் வாழ்வில் வேரூன்றியது. ஒரே அளவு என்று ஆனதும், அளந்து விற்கலாம் என்றும் ஆயிற்று. முழம் போட்டுத் துணி வாங்குவதுபோல் மணி போட்டு மனிதனை வாங்கத் தொடங்கினர். ஆங்கிலத்தில் ‘மேன்-அவர்’ என்று ஒரு கணக்குச் சொல்லே பிறந்தது. ஓர் ஆளின் ஒரு மணி உழைப்பு என்பது அதன் பொருள். அலுவலக அவர், நெரிசல் அவர், நாடாளுமன்றத்தின் பூச்சிய அவர் என்று அச்சொல்லுக்கு எத்தனையோ பொருள் இருக்கலாம். உழைப்பாளிக்கு உயிரான பொருள், அளந்து விற்கப்படும் இந்தப் பொருளே.

எவ்வளவு விற்பது? இதற்கு எல்லை கட்டிய வரலாறு கண்ணீராலும் குருதியாலும் எழுதப்பட்டது. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி உறக்கம் என்று நாளை மூன்றாகப் பகுத்துக் கேட்டவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் வாழ்ந்த இராபர்ட் ஓவன். 1886ஆம் ஆண்டு மே முதல் நாள், எட்டு மணி வேண்டி அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிக்காகோவில் குருதி சிந்தியது. இந்தியாவில் 1881இல் வந்த முதல் ஆலைச் சட்டம், ஏழு வயதுப் பிள்ளையை ஒன்பது மணி நேரம் வேலை வாங்க இடம் தந்தது! ஏழு வயது! நம் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் அமர்ந்து ‘அணில், ஆடு’ வாசிக்கும் வயது! வளர்ந்த ஆண்களுக்கோ எல்லையே இல்லை. 1911இல் நெசவாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி என்று எல்லை கட்டினர். 1922இல் நாளுக்குப் பதினொன்று, வாரத்துக்கு அறுபது. 1934இல் பத்தும் ஐம்பத்து நான்கும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் அவையில் தொழிலாளர் துறையைத் தாங்கியவர் டாக்டர் அம்பேத்கர். அந்தக் காலத்தின் விளைவாக 1946இல் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை உறுதி செய்தது. பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கிவர எத்தனை ஆண்டு, எத்தனை பேர்!

அந்த வரலாற்றில் சென்னைக்குப் பெருமையான பங்குண்டு. பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் திரண்டதன் விளைவாக, 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் அடிகோலினர், பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. தோள்கொடுத்தார். நண்பகல் உணவுக்கு விட்ட இடைவேளை போதவில்லை என்பது அவர்களின் தொடக்கக் குறைகளுள் ஒன்று. வாயில் வைத்த சோற்றை விழுங்கும் நேரத்துக்காகவே சங்கம் வேண்டியிருந்தது, தோழர்களே! ஐந்து ஆண்டு கழித்து, 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையில் மே நாள் கூட்டத்தை நடத்தினார் சிங்காரவேலர். பின்னாளில் ‘குடி அரசு’ ஏட்டில் அறிவியலை எளிய தமிழில் எடுத்து விளக்கியவரும் அவரே. மணியைக் கேட்டவரும், ஓரையைச் சாடியவரும் ஒருவரே என்பது தற்செயல் அன்று. உழைப்பவனின் நேரத்தை இருவர் பறிக்கின்றனர். ஒருவர் கையில் கடிகாரம், மற்றவர் கையில் பஞ்சாங்கம்.

ஒரகடத்து மணி

இராமானுசரின் பிறப்பிடம் என்று பெயர் பெற்ற திருப்பெரும்புதூரில், முன்னாளில் நேரம் அறிவித்தது கோவில் மணி. இன்று நேரம் அறிவிப்பது கம்பெனிப் பேருந்து. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் ஆலையின் முதற்கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கியது, 2014இல் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் அதில் வேலை இழந்தனர். 2010இல் ரெனோ-நிசான் ஒரகடத்துக்கு வந்தது. 2013இல் ராயல் என்பீல்டு வந்தது. சிப்காட் வளாகங்கள் நீண்டன. ஏற்றமும் கலப்பையும் அறிந்த ஊர்கள் ‘ஏ ஷிப்டு’, ‘பி ஷிப்டு’, ‘சி ஷிப்டு’ என்று பேசக் கற்றன. வந்ததை வெறுப்பவர் அல்லோம் நாம். சாதி கேட்காமல் கூலி தரும் வாயில் எதுவாயினும், அது சேரியின் பிள்ளைக்கும் ஊரின் பிள்ளைக்கும் ஒரே வரிசையில் நிற்க இடம் தரும் வாயில். அந்த நன்மையை மறப்பதற்கில்லை.

வேறொரு நன்மையும் உண்டு. இந்தத் தொழிற்சாலைகள் நாள்தோறும் ஒரு பகுத்தறிவுப் பிரசாரம் செய்கின்றன! திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம் என்கிறது நாட்காட்டி. அந்த ஒன்றரை மணியில் எந்தக் கன்வேயர் நின்றது? எந்தப் பேருந்து திரும்பிப் போயிற்று? செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை பூட்டிய காருக்கு மட்டும் சக்கரம் கழன்று விழுகிறதா? காரை வாங்குகிறவர், நல்ல ஓரை பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கடையிலிருந்து ஓட்டிச் செல்கிறார். அந்தக் கார் பிறந்ததோ இராகு காலத்தில்! கைப்பேசியைத் திறந்து எமகண்டம் பார்க்கிறார் ஒருவர். அந்தக் கைப்பேசியைப் பூட்டிய பெண்ணுக்கு எமகண்டம் பார்க்க நேரம் தந்தவர் யார்? பொருளைச் செய்கிறவருக்கு இல்லாத ஓரை, வாங்குகிறவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இனி அந்தச் சிறுவனின் தாயிடம் வருவோம். கணக்குப் பாட வேளையில் அவனையே கணக்கிடச் சொன்னோம். காலை ஆறு மணிக்கு ஷிப்டு தொடங்குகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு முடிகிறது. எட்டு மணி, சரி. ஆனால் தாய் வீட்டை விட்டுப் புறப்படுவது நாலே முக்காலுக்கு. பேருந்து இறக்கிவிட்டு வீடு வந்து சேர்வது மூன்றே காலுக்கு. பையன் விரல்விட்டு எண்ணினான். “பத்தரை சார்!” என்றான். அவன் முகத்தில் வியப்பு. சமைப்பதற்காக மூன்றரைக்கே எழுவதை அவன் சேர்க்கவில்லை. வந்தபின் தண்ணீர் பிடிப்பதையும் துணி துவைப்பதையும் நாமும் சேர்க்கச் சொல்லவில்லை. இரவு ஷிப்டு வரும் வாரத்தில் கணக்கு இன்னும் புரளும்.

ஊதியச் சீட்டில் ஒலிப்பது எட்டு மணி. பேருந்திலும், நிறுத்தத்திலும், அடுப்படியிலும் கழியும் மணிகள் அந்தச் சொல்லின் முன்னால் நிற்கும் எச்சைப் போன்றவை: இருக்கின்றன, ஒலிப்பதில்லை! எச்சை விட்டு எழுதினால் நாம் சிவப்பு மை போடுகிறோம். இந்த மணிகளை விட்டு எழுதும் கணக்குக்குச் சிவப்பு மை போடுபவர் யார்?

ஒலிக்கும் எட்டுக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், ஆலைகளில் நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க வழிவகுக்கும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்றும், விரும்புவோர்க்கு மட்டுமே என்றும் விளக்கம் தந்தனர். வேலை கொடுப்பவர் எதிரே வேலை வேண்டி நிற்பவரின் ‘விருப்பம்’ எத்தகையது என்பதை உழைப்பவர் அறிவர்! தொழிற்சங்கங்கள் எழுந்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், அது திரும்பப் பெறப்பட்டது என்று முதலமைச்சரே அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடிய நூறாம் ஆண்டு நிறைவு அது! கேட்டால் கிடைக்கும், கேளாவிட்டால் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஆறு நாள், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பன அதிலும் உள்ளன. ஏட்டில் உள்ளது எச்சைப்போல் ஓசையற்றுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நாம்தாம்.

பையனுக்கு விடை

மறுநாள் வகுப்பில், சிறுவனை அழைத்தோம். “நேற்று ‘அது அப்படித்தான்’ என்றோமே, அது தவறு” என்று தொடங்கி, கிரேக்கன் கதையையும் நார்மானியன் கதையையும் சொன்னோம். வகுப்பே கேட்டது. கடைசியில் அவன், “அப்போ நான் எழுதினது தப்பு இல்லையா சார்?” என்றான்.

“எழுத்து தப்பு, திருத்திக்கொள். கருத்து தப்பு இல்லை” என்றோம்.

தோழர்களே! ஒரே ஓசையில் மூன்று சொற்கள். ஆங்கிலத்தில் எச் வைத்து எழுதினால் மணி. எச் இல்லாமல் எழுதினால் நம்முடைய. தமிழில் எழுதினாலோ, எட்டி நிற்கும் பெரியவர் ஒரு‘வர்’! மணி நம்முடையதா, அவருடையதா என்ற வழக்கு இந்த ஓர் ஓசைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. நாட்காட்டியின் ஓரை நம் நேரத்தை அச்சத்துக்கு அடகு வைக்கச் சொல்கிறது. அதை மீட்க ஓர் ஆணியிலிருந்து ஒரு தாளைக் கழற்றினால் போதும். கூலிக்கு விற்ற மணியை அளந்து பெறுவதும், விற்காத மணியை நமக்கென்றே வைத்துக்கொள்வதும் அவ்வளவு எளிதல்ல. அதற்குச் சட்டம் தெரிய வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும், ஒன்றுபட்டு நிற்கத் தெரிய வேண்டும். ஷிப்டு முடிந்து வரும் தம்பியரும் தங்கையரும், மீந்த நேரத்தில் ஒரு மணியையாவது படிப்பகத்துக்குத் தாருங்கள். உங்கள் ஊதியச் சீட்டை நீங்களே கூட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால், அதற்கு விடை தேடுங்கள்.

அந்தப் பையனின் குறிப்பேடு இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. சிவப்பு மையில் நாம் சேர்த்த எச் அப்படியே நிற்கிறது. அதன் ஓரத்தில், அவன் பென்சிலால் சின்னதாகக் கூட்டல் போட்டு எழுதியிருக்கிறான்: எட்டும் இரண்டரையும் பத்தரை.